கணக்கெடுப்புக்கு முன் எத்தனை பேர்? பழைய மக்கள்தொகை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர் வரலாறு பேசும் கூட்டங்களுக்கும், கல்வெட்டுப் பார்க்கக் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமைப் பயணங்களுக்கும் பல வருடங்களாகப் போய் வருகிறேன். எந்தக் கோயிலில் நின்றாலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அந்தக் காலத்துல இங்க எத்தனை பேர் இருந்திருப்பாங்க?" பதில் சொல்லத் தொடங்கினால் ஒரு கேள்வி பத்தாகிவிடும், அதற்குள் வண்டி கிளம்பிவிடும். அரைகுறையாகச் சொல்லிவிட்டு வந்த பதில்களை இங்கே முழுதாக எழுதியிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன.

யாருமே எண்ணாத காலத்துக்கு எண் எங்கேர்ந்து வருது? குத்துமதிப்பா அடிச்சு விடுறாங்களா?

குத்துமதிப்புதான். ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. ஆட்களை எண்ணாத அரசுகூட வேறு எதையாவது எண்ணியிருக்கும்: வரி கட்டும் வீடு, உழுத நிலம், படைவீரர், உப்பு, நெல். அந்த எண்ணை எடுத்து, "ஒன்றுக்கு இத்தனை பேர்" என்று ஒரு எண்ணால் பெருக்குகிறார்கள். எந்தப் பழைய மக்கள்தொகை எண்ணைப் பார்த்தாலும் அதற்குள் இந்த இரண்டும் இருக்கும். முதலாவது ஏட்டில் இருப்பது, இரண்டாவது ஆய்வாளர் போட்டது.

இங்கிலாந்தில் 1086இல் வில்லியம் அரசர் எடுத்த டூம்ஸ்டே கணக்கைப் பாருங்கள். அதில் சுமார் 2,69,000 பேர் பதிவாகியிருக்கிறார்கள். பெரும்பாலும் குடும்பத் தலைவர்கள். வீட்டுக்கு 3.5 பேர் என்று வைத்தால் ஒன்பதரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. 5 பேர் என்று வைத்தால் பதின்மூன்றரை லட்சம். இதற்கு மேல் விடுபட்ட ஊர்களையும் சேர்க்க வேண்டும். லண்டனே அந்தக் கணக்கில் இல்லை. அதனால்தான் ஒருவர் 11 லட்சம் என்கிறார், இன்னொருவர் 20 லட்சம் வரை போகிறார். இருவரும் படித்தது ஒரே ஏடு.

இந்தியாவுல முதல் சென்சஸ் 1872ஆ, 1881ஆ? ஒவ்வொரு புத்தகத்துல ஒவ்வொண்ணு போட்டிருக்கே?

இரண்டும் சரி. 1872 என்று சொல்லப்படுவது 1867 முதல் 1872 வரை மாகாணம் மாகாணமாக, வெவ்வேறு நாட்களில் எடுத்தது. சென்னை மாகாணத்தில் 1871 நவம்பரில் எடுத்தார்கள். நாடு முழுவதும் ஒரே இரவைக் குறித்து எடுத்த முதல் கணக்கு 1881 பிப்ரவரி 17ஆம் தேதியது. இலங்கையில் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் வரிசை 1871 மார்ச்சில் தொடங்கியது. அங்கே அப்போது சுமார் 24 லட்சம் பேர்.

நம் தாத்தா தலைமுறையில் சென்சஸுக்குக் 'கானேசுமாரி' என்று பெயர். பாரசீகச் சொல். 'கானா' என்றால் வீடு, 'சுமாரி' என்றால் எண்ணுவது. ஆளை எண்ணும் வேலைக்கே வீட்டை எண்ணுவது என்றுதான் பெயர். இந்த விஷயம் முழுவதையும் அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது என்று எனக்குத் தோன்றும்.

சரி, 1872 எண்ணையாவது அப்படியே எடுத்துக்கலாமா?

கூடாது. 1872இல் 20.6 கோடி, 1881இல் 25.4 கோடி. ஒன்பது ஆண்டில் 4.8 கோடி கூடிவிட்டதாகத் தெரியும். அதில் சுமார் 3.3 கோடி, முதல் தடவை எண்ணாத பகுதிகளைச் சேர்த்ததால் வந்தது. இன்னொரு 1.2 கோடி, இரண்டாம் தடவை ஒழுங்காக எண்ணியதால் வந்தது. உண்மையாகப் பிறந்து கூடியது 30 லட்சம்தான் என்பது பிற்கால ஆய்வாளர்கள் கண்ட கணக்கு. இடையில் 1876–78 பெரும்பஞ்சம் வேறு. இந்தத் திருத்தங்களோடு இன்னும் விடுபட்டவர்களுக்கும் இடம்விட்டுத்தான் 1872க்கு 25.5 கோடி என்ற எண்ணை இப்போது பயன்படுத்துகிறார்கள்.

வெள்ளைக்கார அதிகாரிகள் ஆயிரக்கணக்கான ஆட்களை வைத்து எடுத்த கணக்கிலேயே ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பதில்களில் ஏன் இவ்வளவு தயங்குகிறேன் என்பது புரியும்.

அதுக்கு முன்னாடி நம்ம பக்கத்துல யாரும் எண்ணிப் பார்க்கவே இல்லையா?

எண்ணியிருக்கிறார்கள். சென்னை மாகாணத்தில் 1851–52 தொடங்கி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஊர்க் கணக்குப்பிள்ளைகளைக் கொண்டு தலைக்கணக்கு வாங்கினார்கள். 1851–52இல் 2.2 கோடி, 1866–67இல் 2.65 கோடி. அடுத்து 1871 சென்சஸில் 3.12 கோடி! ஐந்தே ஆண்டில் 18 சதவீதம் மக்கள் பெருகவில்லை. முன்பு எண்ணியவர்கள் விட்டுவிட்டார்கள். மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும் வரி வசூலிப்பவர்கள். அவர்கள் வந்து வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் எந்தக் குடியானவர் முழு எண்ணைச் சொல்வார்?

இன்னும் பின்னே போனால் செங்கல்பட்டுப் பகுதிக்கு ஒரு பொக்கிஷம் இருக்கிறது. 1767 முதல் 1774 வரை பர்னார்ட் என்ற பொறியாளர் தலைமையில் சுமார் இரண்டாயிரம் ஊர்களை அளந்தார்கள். ஊர் ஊராக வீடுகள், யார் யார் வீடு, ஏரி, நஞ்சை, புஞ்சை, மானியம், விளைச்சல் என்று எழுதி வைத்தார்கள். தமிழில் எழுதிய ஓலைகளில் பல தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தார் காணிப் பத்திரம் பேசும்போது 'தோம்பு' என்பார்களே, அது ஒல்லாந்தர் காலத்துப் பதிவேடு. நிலத்துக்கு ஒன்று, குடும்பத்தில் உள்ளவர்களுக்கு ஒன்று என்று எழுதினார்கள். இவை இரண்டும் கிடைத்த பகுதிகள் பாக்கியம் செய்தவை. மற்ற ஊர்கள் பலவற்றுக்கு இப்படி எதுவும் இல்லை.

வீட்டுக்கு இத்தனை பேர்னு எப்படி முடிவு பண்றாங்க? அந்தக் காலம் கூட்டுக் குடும்பம், இருபது பேர் இருந்திருப்பாங்களே?

ரொம்பப் பேர் கேட்கிற கேள்வி, ரொம்பத் தவறு நடக்கிற இடமும் இதுதான். நம் மனதில் இருக்கும் இருபது பேர் வீடு, ஊரில் பெரிய பண்ணை வீடு. அதையே நாம் நினைவு வைத்திருக்கிறோம், குடிசைகளை நினைவு வைப்பதில்லை. 1870களில் இந்தியாவில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் 25 ஆண்டை ஒட்டித்தான் இருந்தது. பிறந்ததில் பெரும்பங்கு சிறுவயதிலேயே போய்விடும். தாத்தா, பாட்டி, பேரன் மூவரும் ஒரே சமயம் உயிரோடிருக்கும் வீடு அரிது. முதல் சென்சஸ்களில் வீட்டுக்கு ஐந்து ஆறு பேர்தான் வந்தார்கள். சீனாவில் ஹான் அரசு கி.பி. 2ஆம் ஆண்டில் எடுத்த கணக்கு கிடைத்திருக்கிறது: 1.22 கோடி வீடுகள், 5.96 கோடி பேர். வகுத்தால் 4.9கூட வரவில்லை.

தவறான எண்ணால் பெருக்கினால் என்ன ஆகும் என்பதற்குக் காசி நகரம் சாட்சி. 1800 வாக்கில் அங்கே வீடுகளை எண்ணி, வீட்டுக்கு இத்தனை பேர் என்று ஊகித்து, நகரத்தில் சுமார் 5,80,000 பேர் என்றார்கள். 1828–29இல் ஜேம்ஸ் பிரின்செப் ஆட்களையே எண்ணப் புகுந்தார். பின்னாளில் பிராமி எழுத்தைப் படித்தறிந்த அதே பிரின்செப்தான். அவருக்குக் கிடைத்தது சுமார் 1,80,000. இடையில் காசி காலியாகிவிடவில்லை. முதலில் பெருக்கிய எண் மூன்று மடங்கு பெரியது, அவ்வளவுதான்.

அக்பர் காலத்துல இந்தியாவுல 10 கோடின்னு ஒருத்தர், 14 கோடின்னு ஒருத்தர். எது சரி?

இரண்டுக்கும் அடிப்படை ஏறக்குறைய ஒன்றுதான்: 1595 வாக்கில் அபுல் ஃபசல் எழுதிமுடித்த அயினி அக்பரி. அதில் சுபா (மாகாணம்) வாரியாக அளந்த நிலமும் வரித்தொகையும் இருக்கின்றன, தலைக்கணக்கு இல்லை.

மோர்லாண்ட் என்ற வரலாற்றாசிரியர் 1920இல் வட இந்தியச் சமவெளிக்கு அந்த நிலக்கணக்கை எடுத்தார். ஒருவருக்கு இத்தனை நிலம் என்று வகுத்து, முல்தானிலிருந்து முங்கேர் வரை 3 முதல் 4 கோடி என்றார். தெற்கே அயினி அக்பரி உதவாது. எனவே விஜயநகரத்துக்கும் தக்காணச் சுல்தான்களுக்கும் படைபலத்தை எடுத்து, ஒரு வீரருக்கு 30 குடிமக்கள் என்று பெருக்கி 3 கோடி என்றார். மற்ற பகுதிகளையும் கூட்டி மொத்தம் 10 கோடி. 1951இல் மக்கள்தொகை ஆய்வாளர் கிங்ஸ்லி டேவிஸ் இது குறைவு என்று 12.5 கோடியாக உயர்த்தினார். பிறகு வரலாற்றாசிரியர் ஷிரீன் மூஸ்வி நிலக்கணக்கை மிகக் கவனமாகப் பிரித்தார். அயினி அக்பரியில் 'அளந்த நிலம்' என்பதில் தரிசும் சேர்ந்திருக்கிறது, சில சுபாக்களில் பாதி ஊர்கள்கூட அளக்கப்படவில்லை. அவற்றைச் சரிசெய்து, 1600இல் உழுத நிலம் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இருந்ததில் பாதியைச் சற்றே தாண்டும் என்று கண்டு, நகரவாசிகளையும் சேர்த்து 14 முதல் 15 கோடி என்றார்.

எனக்கு மூஸ்வியின் எண்ணில் நம்பிக்கை அதிகம். எந்த நிலம் ஏட்டில் ஏறியது, எது ஏறவில்லை என்று கேட்டுவிட்டுப் பெருக்கினார் என்பதே காரணம். ஆனாலும் வடக்கின் விகிதத்தைத் தெற்குக்கு நீட்டும் இடத்தில் அவருக்கும் தரை உறுதியாக இல்லை.

கிருஷ்ணதேவராயர் படையில பத்து லட்சம் பேர்னு போர்ச்சுக்கீசியர் எழுதியிருக்காரே, அதை வெச்சுக் கணக்குப் போட்டா?

1520 வாக்கில் வந்த டொமிங்கோ பாயஸ் அப்படித்தான் எழுதினார். மேலே சொன்ன 3 கோடியின் வேர் இந்த மாதிரிச் செய்திகள்தான். அதில் மூன்று சந்தேகம் உண்டு. அவர் எண்ணிப் பார்த்தாரா, கேட்டதை எழுதினாரா? பத்து லட்சம் என்பது பாளையத்தில் நின்ற படையா, நாயக்கர்கள் அழைத்தால் கொண்டுவரக் கடமைப்பட்ட ஆட்களையும் சேர்த்தா? அப்புறம் அந்த 30 எங்கிருந்து வந்தது? விதைப்புக்கு ஊருக்குத் திரும்பும் உழவன்தான் அன்று பாதி வீரன். முழுநேரச் சிப்பாய் வைத்த நாட்டின் விகிதம் அவனுக்குப் பொருந்தாது. 30க்குப் பதில் 20 என்றால் 2 கோடி, 40 என்றால் 4 கோடி. பயணிகள் குறிப்பை ஊரின் பரபரப்பு தெரிந்துகொள்ளப் படியுங்கள். பெருக்குவதற்கு எடுக்காதீர்கள்.

ராஜராஜன் சோழநாட்டையே அங்குலம் விடாம அளந்தாரே. அப்போ சோழர் கால மக்கள்தொகை கிடைக்கணுமே?

பெரிய கோயிலில் நிற்கும்போது எப்படியும் வரும் கேள்வி. ராஜராஜன் காலத்தில், கி.பி. 1001ஐ ஒட்டி, நிலத்தை அளந்தார்கள். வேலி, மா, காணி, முந்திரி என்று நம்ப முடியாத நுணுக்கத்துக்கு இறங்கினார்கள். முதலாம் குலோத்துங்கன் 1086இல் மறுபடி அளந்தான். முதல் பதிலில் சொன்ன டூம்ஸ்டேயும் அதே ஆண்டு! ஒன்றுக்கொன்று தெரியாத இரண்டு அரசுகள் ஒரே ஆண்டில் நாட்டை ஏட்டில் ஏற்றியதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். ஆனால் அங்கே குடும்பத் தலைவர்களின் எண்ணிக்கை எழுதப்பட்டது, இங்கே எழுதப்பட்டது நிலம். அந்த நிலக்கணக்கும் முழுதாக நம் கைக்கு வரவில்லை. கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் அளவுதான் கல்லில் ஏறி நின்றது. குடியிருந்த இடம் 'ஊர்நத்தம்' என்று வரும், வரியில்லாத இடம் என்று கழிக்கப்படும். 'பறைச்சேரி', 'கம்மாணசேரி' என்று யார் இருந்தார்கள் என்பதும் வரும். எத்தனை பேர் என்பது வராது.

ஆட்களைப் பேர் பேராக எழுதிய இடமும் அதே கோயிலில் உண்டு. சோழநாட்டுக் கோயில்களிலிருந்து வரவழைத்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயிலில் ஆடிய பெண்கள்) பட்டியலில் எந்தத் தெரு, எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாம் வீடு, என்ன பேர், எந்த ஊரிலிருந்து வந்தவர், ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று எல்லாம் இருக்கிறது. இவ்வளவு துல்லியமாக எழுதத் தெரிந்தவர்கள், தேவைப்பட்டதை எழுதினார்கள். சம்பளம் கொடுக்கும் இடத்தில் பேர், வரி வாங்கும் இடத்தில் நிலம். எனவே சோழநாட்டு மக்கள்தொகை இத்தனை லட்சம் என்று யாராவது ஒரே எண்ணைச் சொன்னால், எதை எதால் பெருக்கினீர்கள் என்று கேளுங்கள்.

இவ்வளவு சிரமம் எதுக்கு? 1871 எண்ணை எடுத்து, வருஷத்துக்கு இத்தனை சதவீதம்னு பின்னாடி கழிச்சுட்டே போனா போதாதா?

ஒருமுறை ஒரு கல்லூரி மாணவர் செல்பேசியிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் போட்டதையே சொல்கிறேன். சென்னை மாகாணத்தின் 3.12 கோடியை, ஆண்டுக்கு 1 சதவீத வளர்ச்சி என்று வைத்து கி.பி. 1000 வரை பின்னோக்கிக் கொண்டுபோனால் மாகாணம் முழுவதற்கும் ஐயாயிரத்துச் சொச்சம் பேர்தான் மிஞ்சுகிறார்கள். அதில் 400 பேர் தளிச்சேரியிலேயே இருக்கிறார்கள்! 0.2 சதவீதம் என்றால் சுமார் 55 லட்சம். 0.1 என்றால் 1.3 கோடி. கையளவு மாற்றத்துக்கு எண் இப்படிக் குதித்தால் அந்த முறையில் தெரிவது நாம் போட்ட சதவீதம்தான், சோழநாடு இல்லை.

மக்கள்தொகை படிப்படியாக ஏறி வரவும் இல்லை. சேலம் மாவட்டத்தில் 1871இல் 19.7 லட்சம் பேர். 1881இல் 16 லட்சம். ஒரே பஞ்சம் அவ்வளவு பேரைத் தின்றும் விரட்டியும் விட்டது. இதை நாம் அறிவது இரு பக்கமும் சென்சஸ் இருந்ததால் மட்டுமே. அதற்கு முந்திய பஞ்சங்களுக்கு இரு பக்கமும் எண் கிடையாது. 1600க்கு மூஸ்வி எண்ணையும் 1872க்குத் திருத்திய எண்ணையும் வைத்தால் ஆண்டுக்கு 0.21 சதவீதம் வருகிறது. அது 270 ஆண்டின் சராசரி. அந்தச் சராசரிக்குள் எத்தனை சேலங்கள் இருந்தன என்பது அதில் தெரியாது.

இங்கிலாந்துக்கு மட்டும் 1541லேர்ந்து வரிசையா எண் இருக்கே, எப்படி?

அங்கே 1538இல் ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவு செய்யவேண்டும் என்று உத்தரவு வந்தது. ரிக்லி, ஸ்கோஃபீல்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் 404 பங்குகளின் (தேவாலய வட்டாரங்களின்) பதிவேடுகளை எடுத்தார்கள். பிற்காலச் சென்சஸ் எண்ணிலிருந்து தொடங்கி, ஒவ்வோர் ஆண்டின் பிறப்பைக் கழித்து, இறப்பைக் கூட்டி, குடிபெயர்ந்தவர்களுக்கும் இடம்விட்டுப் பின்னோக்கிப் போனார்கள். 1541இல் சுமார் 28 லட்சம் என்று வந்தது. முன் கேள்வியில் மாணவர் செய்ததும் பின்னோக்கிப் போனதுதான். ஆனால் இவர்கள் சதவீதத்தை ஊகிக்கவில்லை, ஒவ்வோர் ஆண்டின் பிறப்பு இறப்பையும் ஏட்டிலிருந்து எடுத்தார்கள்.

நம்மிடமும் கடற்கரை ஊர்த் தேவாலயங்களில் அப்படிப்பட்ட பழைய பதிவேடுகள் உண்டு. அந்தச் சபையாருக்கு அவை அரியவை. ஊர் முழுவதற்கும் பெருக்கினால் தவறு. கோயில்களுக்குப் பிறப்பு இறப்பை எழுதும் வேலை இருந்ததில்லை.

சந்திரகுப்த மௌரியர் காலத்துலயே 10 கோடிக்கு மேல இருந்தாங்களாமே? அப்போ 1600 வரைக்கும் கூடவே இல்லையா?

பிராண நாதர் என்ற ஆய்வாளர் 1929இல் 10 முதல் 14 கோடி என்றார். டேவிஸ் அதை ஒட்டி, கி.மு. 300லும் கி.பி. 1600லும் மக்கள்தொகை ஏறக்குறைய ஒன்றே, நடுவில் ஏறி இறங்கியிருக்கும் என்று எழுதினார். பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்து எழுதி, பத்துப் புத்தகத்தில் வந்ததால் பத்துச் சான்று போல ஆகிவிட்டது. அடியில் இருப்பது ஒரே ஊகம். அண்மையில் மக்கள்தொகை ஆய்வாளர் டிம் டைசன், காடு நிறைந்திருந்த அந்த நாட்டுக்கு 1.5 முதல் 3 கோடிதான் பொருந்தும் என்று வாதிட்டார். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. அர்த்தசாஸ்திரத்தில் 'கோபன்' என்ற அலுவலர் வீடு வீடாகக் குடிகளை எழுத வேண்டும் என்று விதி இருக்கிறதே என்பார்கள். விதி இருக்கிறது. எழுதிய ஏடு ஒன்றும் நம்மிடம் வந்து சேரவில்லை.

கீழடியில எத்தனை பேர் வாழ்ந்திருப்பாங்கன்னு சொல்ல முடியுமா?

தொல்லியலில் பரப்பளவை எடுத்து, ஓர் ஏக்கருக்கு இத்தனை பேர் என்று பெருக்குவார்கள். மொகஞ்சதாரோவுக்கு லாம்ப்ரிக் என்ற ஆய்வாளர் சொன்ன 35,000 அப்படி வந்தது. அதே சிந்து மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டில் இருந்த ஷிகார்பூரின் நெருக்கத்தை எடுத்துப் பொருத்தினார். ஊரை ஒத்த ஊரோடு ஒப்பிட்டது நல்ல வழி. கீழடி மேடு 110 ஏக்கர். அதில் தோண்டியது சிறு பகுதி. தோண்டிய இடத்திலும் தொழில்கூடம் எது, வீடு எது என்ற விவாதமே முடியவில்லை. 110ஐ ஒரு எண்ணால் பெருக்கி விடை சொல்வது எளிது. நான் சொல்ல மாட்டேன்.

எங்க ஊர் வரலாறு எழுதுறேன். 1800ல எங்க ஊர்ல எத்தனை பேர்னு எப்படிப் போடுறது?

முதலில் 1871, 1881 சென்சஸில் உங்கள் ஊர் எந்தத் தாலுகாவில், எந்த எல்லையோடு இருந்தது என்று பாருங்கள். ஒரே பெயரில் இருக்கும் மாவட்டம் ஒரே மாவட்டம் இல்லை. புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். அதைச் சுற்றி இருந்தவற்றோடு கூட்டிவிட்டால் கணக்கு கெடும். பிறகு ஆவணக் காப்பகத்தில் ஊர்க் கணக்கு, ஜமாபந்தி, பழைய மாவட்டக் கையேடு என்று தேடுங்கள். செங்கல்பட்டுப் பக்கம் என்றால் மேலே சொன்ன பர்னார்ட் கணக்கில் உங்கள் ஊரே இருக்கலாம்.

வீட்டு எண்ணிக்கை கிடைத்தால், ஊருக்குள் இருந்ததை மட்டும் எழுதினார்களா, சேரியையும் சேர்த்தார்களா என்று பாருங்கள். விட்டிருந்தால் பாதி ஊரே விட்டுப்போயிருக்கும். அதன் பிறகு நாலரையாலும் ஐந்தரையாலும் தனித்தனியே பெருக்குங்கள். 120 வீடு இருந்தால் 540 முதல் 660 பேர் என்று வரும். புத்தகத்தில் இரண்டு எண்ணையும் போடுங்கள். 120 எந்த ஏட்டில் இருக்கிறது, எந்த ஆண்டு, நாலரையும் ஐந்தரையும் நீங்கள் போட்டவை என்பதையும் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் போடுங்கள். அச்சகத்தில் இடமில்லை என்று சொன்னால் படத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.